ஒத்திகைப் பை

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் போய் இருபது வருஷமாகிறது. ஆஸ்பத்திரி சமையலறையில் மேற்பார்வையாளர் வேலை. உப்பில்லாதது, சர்க்கரையில்லாதது, குழைத்தது, வடிகட்டியது என்று ஒரு நாளைக்கு அறுநூறு தட்டுகள் அவர் கண்ணில் பட்டு, எடை பார்த்த பிறகுதான் வார்டுக்குப் போகும். அங்கே யாரோ வைத்த ‘தராசு’ என்ற பட்டப்பெயர் அவர் பின்னாலேயே நடந்து வந்து வீட்டிலும் குடியேறிவிட்டது. கொழுந்தியா வாயில் அது ‘தராசு அத்தான்’. மனைவி மட்டும் அப்படிக் கூப்பிடுவதில்லை. யாராவது கூப்பிட்டால் சிரிப்பை அடக்குவதும் இல்லை.

மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறவள். வருஷம் முழுக்க உட்கார்ந்த இடத்திலேயே ஊரைச் சுற்றிவிட்டு, லீவு கிடைத்ததும் தங்கையைக் கூட்டிக்கொண்டு மலையில் நடக்கப் போய்விடுவாள். தங்கை கணக்கு டீச்சர். இரண்டு பேரும் கூடாரத்தையும் அடுப்பையும் முதுகில் கட்டிக்கொண்டு கிளம்பினால் எட்டு நாளைக்கு ஆள் முகம் பார்க்க மாட்டார்கள். தராசு போவதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் முழங்காலில் ஆபரேஷன் ஆனது; அதற்கு முன்னாலும் அவர் ஒன்றும் நடந்து கிழித்துவிடவில்லை. ஆனால் அந்தப் பயணத்தில் அவருக்கும் ஒரு இடம் இருந்தது. எட்டு நாள் சாப்பாடு அவருடையது.

சாதாரணச் சாப்பாடில்லை. சமைத்ததை உலர்த்தும் பெட்டியின் தட்டுகளில் பரப்பி, சோறு கல் மாதிரி கலகலக்கும்வரை பன்னிரண்டு மணி நேரம் காயவிடுவார். அதைப் பொட்டலத்தில் போட்டுக் காற்றை உறிஞ்சி எடுத்து ஒட்டுவார். மலையில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி இருபது நிமிஷம் மூடி வைத்தால் காய்ந்தது மறுபடி சோறாகிவிடும். முதுகில் ஏறுகிற ஒவ்வொரு கிராமும் நாலாம் நாள் ஒரு கிலோவாகக் கனக்கும் என்பது அவர் கட்சி. மனைவியின் பல் தேய்க்கும் பிரஷ்ஷைப் பாதியில் ஒடித்து அனுப்பிய மனிதர் வேறென்ன சொல்வார்.

ராத்திரிச் சாப்பாட்டுப் பொட்டலம் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். அவர் கையால் எழுதிய இரண்டு வரி. கல்யாணமான புதிதில் அவளுடைய டிபன் பாக்ஸில் ஆரம்பித்த பழக்கம் அது. நேரில் சொல்ல வெட்கப்படுகிற மனிதர், சாப்பாட்டுக்குள் வைத்து அனுப்பினார். மலையேறத் தொடங்கியபின் சீட்டுகளுக்கு ஒரு வேலையும் வந்தது. உயரம் ஏற ஏறப் பசி செத்துவிடும், சாப்பிடாமல் படுத்தால் மறுநாள் கால் நகராது. அதனால் பின்பாதி நாட்களின் சீட்டுகளில் கொஞ்சலைவிட அதட்டல்தான் அதிகம்.

முதல் நாலு நாள் சாப்பாடு நீலப் பையில். அடுத்த நாலு நாள் சிவப்புப் பையில். நீலம் காலியாகும்வரை சிவப்பைத் தொடக் கூடாது என்பது சட்டம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. புதிதாக எதையாவது சேர்த்தால் அந்தப் பை முழுவதையும் ஒருமுறை ஒத்திகையாகச் செய்து பார்ப்பார். இந்த வருஷம் சேர்த்தது ராஜ்மாப் பயறு. குக்கரில் வேகவைத்தால் வெடித்துத் தூளாகிறதென்று, மின்சாரப் பானையில் மிதமான சூட்டில் ராத்திரி முழுக்க வேகவிட்டு எடுத்தார். முத்து முத்தாக, பார்க்க அழகாக வந்தது. காயவைத்து, நாலு ராத்திரிச் சாப்பாட்டிலும் கலந்து, காலைக் கஞ்சி, மதியத்துக்குக் கடலை, உலர்ந்த பழம் எல்லாம் வைத்து ஒரு சிவப்புப் பையைக் கட்டினார். எடை துல்லியமாக இருக்க வேண்டுமென்று சீட்டுகளைக்கூட எழுதி உள்ளே போட்டார். ஒரு சீட்டு அரை கிராம். இரண்டு கிலோ முந்நூற்று நாற்பது. பிறகு கூடுதலாக வைத்திருந்த ஒரு பொட்டலத்தை ஊறவைத்துச் சாப்பிட்டுப் பார்த்தார்.

இரண்டாவது மணி நேரத்தில் வாந்தி ஆரம்பித்தது. குடல் வெளியே வந்துவிடுமோ என்கிற மாதிரி எடுத்தார். அவர் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே அவரைக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள், இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். டியூட்டி டாக்டர் ராஜ்மா என்று கேட்டதுமே சிரித்துவிட்டார். அந்தப் பயறில் ஒரு விஷம் உண்டு, கொதிகொதியென்று கொதித்தால்தான் போகும், மிதமான சூடு அதை இன்னும் கிளறிவிடும், சமையலறையையே கட்டி மேய்க்கிற உங்களுக்கா இது தெரியாது என்றார். தெரியும். தெரிந்ததை அழகுக்காக மறந்திருந்தார். அன்றைக்கு மனைவி திருவிழா ஸ்பெஷல் பஸ் ஓட்ட வெளியூர் போயிருந்தாள். திரும்பி வந்து முகம் ஏன் இப்படி வாடியிருக்கிறது என்று கேட்டபோது, கேன்டீன் டீ ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டார். மானம் போகிற விஷயமாயிற்றே.

அடுத்த வாரம் ராஜ்மாவைக் கொதிக்கக் கொதிக்க வேகவிட்டு, உடைந்தால் உடையட்டும் என்று புதுப் பை கட்டினார். சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கட்டினார். அதே சிவப்பு, அதே சீட்டு வாசகம், அதே எடை. நல்ல பை நீலப் பையோடு ஃப்ரீசருக்குப் போனது. ஒத்திகைப் பை அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. உறைகளையும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பைகளையும் மறுபடி பயன்படுத்தலாமே, ஞாயிற்றுக்கிழமை பிரித்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை.

சனிக்கிழமை காலை கிளம்புகிற அவசரம். நீலப் பையை ஃப்ரீசரிலிருந்து எடுத்து வைத்தார். அந்த நேரம் பார்த்துக் கொழுந்தியா வந்து பெல்லை அடித்தாள். கதவைத் திறந்தால், வந்ததும் வராததுமாக, என் எடையையும் பார்த்துத்தான் உள்ளே விடுவீர்களா அத்தான் என்று ஆரம்பித்துவிட்டாள். பதிலுக்கு இவர் ஏதோ சொல்ல, குளித்துக்கொண்டிருந்த மனைவி உள்ளிருந்தே சிரிக்க, திரும்பிச் சமையலறைக்கு வந்தவர் கண்ணுக்கு நேராகச் சிவப்புப் பை இருந்தது. இதையும் எடுத்துவைத்துவிட்டோம் என்று நினைத்தார். தராசில் வைத்தார். இரண்டு கிலோ முந்நூற்று நாற்பது. பட்டியலில் ‘எடை சரி’ என்று குறித்து, தன் கையாலேயே மனைவியின் முதுகுப்பைக்குள் திணித்து நாடாவை இறுக்கினார்.

திங்கட்கிழமை சாயங்காலம் வேலையில் நின்று நின்று முழங்கால் வீங்கிப்போனது. ஐஸ் வைக்கலாம் என்று ஃப்ரீசரைத் திறந்தார். உள்ளே சிவப்புப் பை இருந்தது.

முதலில் அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை, கையை நீட்டி அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு திரும்பி அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தார். அங்கே தூசியில் ஒரு பை இருந்த தடம் மட்டும் சதுரமாகத் தெரிந்தது. ஃப்ரீசர் கதவை மூடத் தோன்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கைபேசியில் கூப்பிட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே. தெரிந்ததுதான், ஞாயிற்றுக்கிழமை நடக்க ஆரம்பித்ததும் அவர்கள் உலகத்துக்கு வெளியே போய்விடுவார்கள். ஆனாலும் பதினொரு முறை கூப்பிட்டார். விரல் விட்டு எண்ணினார். இன்றைக்கு இரண்டாம் நாள். சிவப்புப் பை வியாழக்கிழமை பிரியும். காலைக் கஞ்சியால் ஆபத்தில்லை, மதியக் கடலையாலும் இல்லை, ராத்திரிச் சாப்பாடுதான் விஷம். அவள் சாப்பிடுகிற நேரமும் அவருக்குத் தெரியும். ஆறரைக்குத் தண்ணீர் கொதிக்கவைப்பாள், ஏழு மணிக்குத் தட்டு கையில் இருக்கும். ஒன்பதுக்குள் ஆரம்பித்துவிடும்.

வனத்துறை அலுவலகத்துக்குப் போன் போட்டார். எடுத்தவர் நல்ல மனிதர்தான், பொறுமையாகக் கேட்டார். அந்தப் பாதை ஒருவழிப் பாதை, கிழக்கு வாசலில் ஏறி மேற்கு வாசலில் இறங்க வேண்டும், நடுவில் ஆள் கிடையாது, கம்பியில்லாத் தொடர்பும் கிடையாது. ஏற்கெனவே இரண்டு நாள் முன்னால் போனவர்களைப் பின்னாலிருந்து துரத்திப் பிடிக்க முடியாது. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஆள் அனுப்பலாம் என்றார்.

“யாருக்கு உடம்பு சரியில்ல சார்?”

“இப்ப யாருக்கும் இல்ல. வியாழக்கிழமை ராத்திரி ஒம்போது மணிக்கு ஆகும்.”

அந்த மனிதர், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, நீங்கள் முதலில் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள் என்றார்.

செவ்வாய்க்கிழமை லீவு சொல்லிவிட்டு, நல்ல சிவப்புப் பையை ஐஸ் டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டு மேற்கு வாசலுக்குப் பஸ் ஏறினார். எதற்கு அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று அவருக்கே தெரியாது, கையை வீசிக்கொண்டு போக மனம் வரவில்லை. புதன்கிழமை காலையில் போய்ச் சேர்ந்தார். ஒரு குறுக்குக் கட்டை, தகரக் கூரை போட்ட ஒரு அறை, வெளியே ஒரு பெஞ்சு, எதிரே மலை. அவ்வளவுதான் வாசல். காவலாளி ஒற்றை ஆள். ஓய்வு பெறும் வயது, அளந்துதான் பேசுவார். கதை முழுவதையும் கேட்டுவிட்டு, அறைக்குள் போய் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அதற்கு மேல் அவரிடமும் ஒன்றுமில்லை. எட்டாம் நாள் வராவிட்டால் ஒன்பதாம் நாள் காலையில் ஆள் போகும், அதுதான் விதி என்றார்.

இந்தப் பக்கமிருந்து ஏறினால் அவர்களை எங்கே சந்திக்கலாம் என்று தராசு கேட்டார். நல்ல கால் உள்ளவன் நாளைச் சாயங்காலம் ஐந்தாம் நாள் கூடாரம் அடிக்கிற இடத்துக்குக் கீழே வரைக்கும் போகலாம், ஆனால் நான் வாசலை விட்டு நகர முடியாது, நீங்கள் இருக்கிற இருப்புக்கு வேண்டாம் என்றார் காவலாளி. தராசு காதில் போட்டுக்கொள்ளவில்லை. காவலாளி குளிக்கப்போன நேரத்தில் கட்டைக்கு அடியில் குனிந்து புகுந்துவிட்டார். படிப்படியாகக் கல் பதித்த ஏற்றம். நானூறு அடிகூட ஏறியிருக்க மாட்டார், முழங்கால் மடங்கிய வாக்கில் பூட்டிக்கொண்டது. நிமிர்த்தவும் முடியவில்லை, ஊன்றவும் முடியவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்து அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். நாலு நாள் நடைக்கு அப்பால் இருக்கிறவளுக்குக் கேட்கும் என்று கத்தவில்லை, வேறு என்ன செய்வதென்று தெரியாமல் கத்தினார். ஈரத் தலையோடு வந்த காவலாளி அவர் அக்குளில் கையைக் கொடுத்து இறக்கிக் கூட்டிவந்தார்.

வியாழக்கிழமை முழுக்க அந்தப் பெஞ்சில் இருந்தார். ஒரு நப்பாசை இருந்தது: பொட்டலத்தை அடுப்பில் வைத்துப் பத்து நிமிஷம் தளதளவென்று கொதிக்க விட்டால் விஷம் போய்விடும். ஆனால் அப்படிச் செய்யக் கூடாது என்று அவளுக்குப் பாடம் எடுத்தவரே அவர்தான். கேஸ் வீணாகும், கேஸ் கூடினால் எடை கூடும், தண்ணீரை ஊற்று, அடுப்பை அணை, மூடி வை. பதினோரு வருஷமாகக் கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லியிருக்கிறார். அவளும் அட்சரம் பிசகாமல் செய்கிறவள். பஸ்ஸை ஓட்டுகிற மாதிரியேதான் சமையலும். நிறுத்தத்தில் நிறுத்துவாள், நேரத்துக்கு எடுப்பாள்.

ஏழு மணிக்கு மலைக்கு மேலே வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இப்போது பொட்டலத்தைக் கிழித்திருப்பாள். சீட்டை எடுத்து, சட்டையில் துடைத்து, நெற்றி விளக்கைத் தாழ்த்திப் படிப்பாள். அதில் என்ன எழுதினோம் என்பது எழுத்துக்கு எழுத்து அவருக்கு ஞாபகம் இருந்தது. ‘பசிக்கலன்னாலும் சாப்பிடு. மிச்சம் வைக்காதே.’

தின்னாதே, துப்பு, துப்பிவிடு என்று வாய்விட்டே சொன்னார். காவலாளி உள்ளே விளக்கைப் போட்டார். ஒன்பது மணிவரைக்கும் தராசு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதுக்குப் பிறகு பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமைச் சீட்டு இன்னும் மோசம். ‘நேத்து சரியா சாப்பிட்டிருக்க மாட்ட. இன்னிக்கு முழுசா.’ அதை எழுதிய கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். அறுநூறு தட்டில் ஒரு தட்டைக்கூட மூடியைத் திறந்து பார்க்காமல் அவர் வார்டுக்கு அனுப்பியதில்லை. சொந்தப் பெண்டாட்டிக்குப் போன பையைத் திறந்து பார்க்கவில்லை. எடை சரியாக இருந்ததாம். தராசாம் தராசு.

ஞாயிறு சாயங்காலம் எட்டாம் நாள் முடிந்தது. யாரும் இறங்கவில்லை. காவலாளி தன் நோட்டில் குறித்துக்கொண்டு போன் செய்தார். திங்கட்கிழமை விடிந்ததும் இரண்டு ஆட்கள் ஜீப்பில் வந்து, கயிறும் தூக்குக் கட்டிலும் எடுத்துக்கொண்டு ஏறினார்கள். அந்தக் கட்டிலைப் பார்த்ததிலிருந்து தராசு பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பதினோரு மணிவாக்கில் வளைவில் ஆட்கள் தெரிந்தார்கள். நாலு பேர். நாலு பேரும் நடந்து வந்தார்கள். கட்டில் மடித்தபடியே ஒருவன் தோளில் இருந்தது. மனைவி தன் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து இறங்கினாள். கன்னம் ஒட்டிப்போய், கண்ணுக்குக் கீழே கறுத்து, பத்து நாளில் பத்து வயசு கூடியிருந்தது.

கொழுந்தியாதான் நடந்ததைச் சொன்னாள். கேலி எல்லாம் எங்கேயோ போயிருந்தது. ஐந்தாம் நாள் பயறு நறுக்கென்று இருந்ததால் தங்கை இரண்டு கரண்டியோடு வைத்துவிட்டாளாம். அக்கா முழுக்கச் சாப்பிட்டு, தங்கை வைத்ததையும் சாப்பிட்டு, ராத்திரி முழுக்க வாந்தியாம். மறுநாள் வயிறு காலி, நடக்கத் தெம்பு வேண்டுமே என்று சாயங்காலம் மறுபடியும் சாப்பிட்டாளாம். அதற்குப் பிறகு ஒரு நாள் முழுக்கக் கூடாரத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லையாம். மிச்சமிருந்த இரண்டு பொட்டலத்தையும் தங்கை குழி தோண்டிக் கொட்டி மூடிவிட்டு, கஞ்சியைக் குடித்துக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

தராசு வாயைத் திறப்பதற்கு முன்னால் மனைவி அவர் கையைப் பிடித்தாள். இவர் எப்படி இங்கே வந்தார் என்று கேட்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

“கோச்சுக்காதீங்க” என்றாள். “நான்தான் தண்ணி அளவு தப்பா ஊத்திட்டேன் போல, பயறு சரியா ஊறல. கடைசி ரெண்டு நாளும் உங்க சாப்பாட்டக் கொட்டிட்டோம். மிச்சம் வச்சுட்டேன்.”

வாயே திறக்காமல் இருந்திருக்கலாம். அவள் தன் தலையிலேயே போட்டுக்கொண்டு போயிருப்பாள். அந்த எண்ணம் அவருக்கு வந்தது, வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவள் சட்டைப்பையிலிருந்து சீட்டுகளை எடுத்தாள். ஆறு சீட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தன. அதைப் பார்த்த பிறகு அவரால் முடியவில்லை.

“உன் தண்ணி சரிதான்” என்றார். “அது ஒத்திகைப் பை. தூக்கிப் போட வச்சிருந்தது. நான் மாத்திக் குடுத்துட்டேன்.”

அவள் சீட்டுகளை மறுபடி சட்டைப்பையில் போட்டாள்.

“அத நீங்க சாப்பிட்டுப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“என்னாச்சு?”

“ரெண்டு பாட்டில் ஏத்துனாங்க.”

“அந்தக் கேன்டீன் டீயா?” என்றாள். அவர் தலையை ஆட்டினார். ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

செய்வதற்கு அவருக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். ஐஸ் டப்பாவைத் திறந்தார். ஐஸை நாள் தவறாமல் மாற்றியது காவலாளி. நல்ல பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, காவலாளியின் அடுப்பில் தண்ணீர் வைத்தார். இந்தமுறை அடுப்பை அணைக்கவில்லை, தளதளவென்று இருபது நிமிஷம் கொதிக்க விட்டார். பயறு வெண்ணெயாக மசிந்தது. தட்டில் போட்டு, விசிறி, அவள் முன்னால் பெஞ்சில் வைத்தார். வாசனை வந்ததும் அவள் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. நாலு நாள் பசி அது.

அவள் கரண்டியை எடுத்தாள். எடுத்தவள், அதைத் தட்டின் ஓரத்தில் அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

“முதல்ல நீங்க சாப்பிடுங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. படியில் தொங்குகிறவரை உள்ளே ஏறச் சொல்கிற குரல்தான். அவர் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு, மென்று, விழுங்கினார். அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். இன்னொரு கரண்டியும் சாப்பிட்டார்.

“எவ்ளோ நேரத்துல தெரியும்?” என்று கேட்டாள்.

“ரெண்டு மணி நேரம்.”

“சரி” என்றாள். “இருக்கேன்.”

கொழுந்தியா மணியைப் பார்த்துக்கொண்டாள். மனைவி முதுகுப்பையைக் காலடியில் நகர்த்தி வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தட்டு இருவருக்கும் நடுவில் இருந்தது. ஈ உட்காராமல் இருக்கத் தராசு அதை ஒரு மூடியால் மூடி வைத்தார்.